பிரஷ்ஷுக்கு வைத்த பொட்டு

உத்திரமேரூர்த் தனியார் பள்ளி ஒன்றில் டிராயிங் டீச்சர் வேலை காலியாக இருந்தது. விஜயதசமிக்கு மறுநாள் தாளாளர் முன்னால் உட்கார்ந்து வாட்டர் கலரில் ஒரு படம் வரைந்து காட்ட வேண்டும். இது கிடைக்காவிட்டால் கீர்த்தி பழையபடி கம்பெனி வேன் ஏறிப் போய் ஃபாக்டரியில் நட்டு முடுக்க வேண்டியதுதான். அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

நல்ல பிரஷ் வாங்கக் காஞ்சிபுரத்துக்கே பஸ் ஏறினாள். கடைக்காரர் பாண்டியன் எடுத்துப் போட்டதெல்லாம் ஊசி மாதிரி நின்றது. புது பிரஷ் அப்படித்தான் நிற்கும், எல்லாம் கோந்தின் உபயம். கீர்த்தியா ஏமாறுவாள்? ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள்.

"இன்னாம்மா, மாட்டுக்குக் காட்ற மாதிரி பிரஷ்ஷுக்குத் தண்ணி காட்றீங்க?"

"குடிக்குதான்னு பாக்கணும்ண்ணா."

நனைத்து உதறினாள். ஒன்று இரண்டாகப் பிளந்தது, ஒன்று முடியை உதிர்த்தது, ஒன்றுக்குத் தகரப் பூண் ஆடியது. பாண்டியன் முகம் கடுகடுத்தது. கடைசியாக வந்தது வயிறு நிறையத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு, உதறியதும் கூராகக் கூடியது. நியூஸ் பேப்பரில் இழுத்தால் ஈரம் அடிவரை அறாமல் போனது. வாங்கியதை லேசில் விடாத பிரஷ். அதுதான் உசத்தி என்று சந்தோஷமாக வாங்கி வந்தாள்.

ஆயுத பூஜையன்று அவள் சுண்டல் தாளித்துவிட்டு வருவதற்குள், புருஷன் மோகன் அருவாள், மண்வெட்டியோடு பிரஷ்ஷையும் படைத்துவிட்டான். முடி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது.

"இன்னாயா பண்ணி வச்சிக்கிற? முடியில போயி வச்சிக்கிறியே!"

"அருவாளுக்கு அலகுல வெக்கிறோம், மம்முட்டிக்கு வாயில வெக்கிறோம். வேலை செய்யிற எடத்துலதான பொட்டு வெக்கணும்? ஒனுக்கோசரம் கொஞ்சம் கூடவே வச்சிக்கிறேன்."

படைத்ததை மறுநாள்வரை எடுக்கவும் கூடாது. கோபத்தில் அவள் பொரியைத் தொடக்கூட இல்லை. மறுநாள் ஷாம்பு போட்டுத் தண்ணீர் தெளிகிறவரை அலசினாள். விஜயதசமி லீவில் பாண்டியன் கடை திறக்காது, வேறு பிரஷ் வாங்க வழியில்லை.

அடுத்த நாள் பள்ளியில், "சரஸ்வதி வரைங்கம்மா" என்றார் தாளாளர்.

முகம், வீணை, புடவை எல்லாம் அழகாக வந்தன. வெள்ளைத் தாமரை மட்டும் பாக்கி. காகிதத்தின் வெள்ளையை அப்படியே விட்டு, இதழோரம் வெறும் தண்ணீரை ஓட்ட வேண்டும். பிரஷ்ஷை அழுத்தினாள். அடிவயிற்றில் பதுக்கி வைத்திருந்த குங்குமத்தை அது அப்போதுதான் கக்கியது. மட்டமான பிரஷ்ஷாக இருந்தால் முதல் அலசலிலேயே விட்டிருக்கும். ஒற்றி எடுக்கப் பார்த்தாள், பூ முழுக்கச் சிவந்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

தாளாளர் குனிந்து பார்த்தார்.

"செந்தாமரை லட்சுமிக்காச்சே?"

கீர்த்தி படத்தைச் சுருட்டப் போனாள். அவர் தடுத்தார்.

"கையில வீணை, கீழ லட்சுமியோட பூவு. ரெண்டு பேரையும் ஒண்ணா கொண்ணாந்துட்டீங்களேம்மா! அட்மிஷன் நோட்டீஸுக்கு இதான் படம். எங்க ஸ்கூலுக்கு ரெண்டாவது ஆளுதான் முக்கியம். திங்கக்கெழமை வந்துடுங்க. அந்தப் பூவு கலரு மட்டும் மாறக் கூடாது."

வெளியே வந்து மோகனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். வேலை தனக்குக் கிடைத்ததா, குங்குமத்துக்குக் கிடைத்ததா என்ற எரிச்சல் அவளுக்கு அடங்கவில்லை.

"நாந்தான் சொன்னேன்ல?" என்றான் அவன். "அடுத்த பிரஷ் வாங்கினாலும் எங்கிட்ட குடு."

கீர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு, சரி என்றாள்.