ஏணியின் ஐந்தாவது படி

தையல்காரர் தன் மனைவியைத் தோளில் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏறிப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அதாவது, ஏறியதாகச் சொல்ல ஆரம்பித்து. சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர் புயல் என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், டேப்பை அவர் கழுத்திலேயே தொங்கவிட்டு இவர் ஏற ஆரம்பித்துவிடுவார். பக்கத்தில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கும் மனைவி ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை. புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

நடந்தது வேறு. வெள்ளம் இடுப்புக்கு வந்ததும் முதலில் ஏணியைப் பிடித்தவர் அவர்தான். ஐந்தாவது படியில் கால் நின்றுவிட்டது. உயரம் என்றால் அவருக்கு ஸ்டூல்கூட ஆகாது. கீழே நின்ற மனைவி, எழுத்தில் போட முடியாத சில வார்த்தைகளைச் சொல்லி, அவரைப் படிப்படியாக மேலே தள்ளினாள். அன்று அந்தத் தெருவில் ஆறு பேர் வெள்ளத்தோடு போனார்கள். அதில் ஒருத்தி பக்கத்து வீட்டுப் பொத்தான் அக்கா. இவர்கள் கடைத் துணிக்கெல்லாம் பொத்தான் தைத்துக் கொடுத்தவள்.

ஊர் நூலகத்தில் புயல் நினைவுகளைப் பதிவு செய்யப் போவதாக அறிவிப்பு வந்தது. நூலகர் அம்மா கறார் பேர்வழி. ஒருவர் பேசும்போது இன்னொருவர் அறையில் இருக்கக் கூடாது. டைப் அடித்துத் தருவதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். தன்னுடையது பிடிக்காவிட்டால் திரும்பச் சொல்லலாம், அடுத்தவர் சொன்னதில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது.

முதலில் மனைவி உள்ளே போனாள். தையல்காரருடைய கதை, இருமலையும் சேர்த்து, ஆறு நிமிஷம். அவள் நாற்பது நிமிஷமாகியும் வரவில்லை. பெஞ்சில் இருந்தவர் கடிகாரத்தையே பார்த்தார். இவ்வளவு நேரத்தில் ஐந்தாவது படி வராமலா இருக்கும்? காலாகாலத்துக்கும் அலமாரியில் இருக்கப் போகிற காகிதம். பேரப்பிள்ளைகள் வந்து படிக்கும். அதற்கு நாமே முந்திக்கொண்டால் கொஞ்சம் மானமாவது மிஞ்சும் என்று நினைத்தார். தன் முறை வந்ததும் கால் நடுங்கியதை, திட்டு வாங்கியதை, மனைவியின் இரண்டு கைகளும் தன் பாதத்துக்கு அடியில் இருந்ததை, ஒன்று விடாமல் ஒப்புக்கொண்டார். வெளியே வரும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுவாரம் இருவரையும் கூப்பிட்டுத் தாள்களைக் கொடுத்தார்கள். தங்களுடையதைப் படித்துவிட்டு ஒருவர் தாளை ஒருவர் வாங்கிப் படித்தார்கள். மனைவியின் பத்துப் பக்கத்தில், கூரைத் தகரம் எத்தனை போனது, தையல் மிஷின் எந்த மரத்தடியில் கிடந்தது, மூன்று நாள் என்ன சாப்பிட்டார்கள் எல்லாம் இருந்தது. ஏணிக்கு ஒரே வரி. 'அவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார், அதனால் கீழே யார் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.'

தையல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, நீ என் கதையையே சொல்லியிருக்கே. இது தெரியாம நான் உண்மையச் சொல்லித் தொலைச்சுட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. அவருடைய தாளில் ஒரு வரிமேல் விரலை வைத்திருந்தாள்.

"இதை ஏங்க சொன்னீங்க?"

"எதை?"

"என் ரெண்டு கையும் உங்க காலுக்கு அடியில இருந்துச்சுன்னு."

"இருந்துச்சே."

"பொத்தான் அக்கா எனக்குப் பின்னாடிதான் இருந்தாங்க. கை நீட்டினாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. கையை எடுத்தா நீங்க விழுந்துடுவீங்க. நான் எடுக்கல. திரும்பிப் பாத்தப்போ தண்ணிதான் இருந்துச்சு."

தையல்காரர் அவள் விரலுக்கு அடியில் இருந்த வரியை மறுபடி படித்தார்.

"நீங்க தோள்ல தூக்கினேன்னு சொல்றப்பல்லாம், சரி, நான் மேலதானே இருந்தேன், எனக்கு எப்படி எட்டும்னு நினைச்சுக்குவேன். அதான் நான் ஒரு நாளும் மறுத்துப் பேசல."

அவர் எழுந்து நூலகர் அம்மாவிடம் போனார். "என்னோடதைக் கிழிச்சுடுங்கம்மா. பழையபடி சொல்லிடறேன், ஆறே நிமிஷம்தான்."

"வேணாம்," என்றாள் மனைவி. "நீங்க கையெழுத்துப் போடுங்க. அக்கா கூப்பிட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் சொல்லலேன்னா, அவங்க சத்தமில்லாமப் போனதா ஆயிடும்."

தன் பத்துப் பக்கத்தை நூலகர் அம்மா கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி சொல்ல உள்ளே போனாள். கதவு மூடியது.

தையல்காரர் கையெழுத்துப் போட்டார். பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அடுத்ததாகக் காத்திருந்த பால்காரர் நகர்ந்து இடம் விட்டார்.

"என்ன மாஸ்டர், வீட்டுக்காரம்மாவைத் தோள்ல தூக்கின கதை பதிவாயிடுச்சா?"

"நான் தூக்கலப்பா," என்றார் தையல்காரர், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே. "அவதான் என்னைத் தூக்கினா. அதுல அவளுக்குக் கை போதல."