மொறிஸ் மைனரும் ஒரு கட்டுப் புத்தகமும்

பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வந்தால் பளீலுக்குக் கார்ப் புத்தகம்தான். லண்டனில் இருக்கும் மச்சான், அதாவது மனைவி றாபியாவின் தம்பி, ஊருக்கு ஆள் வரும்போதெல்லாம் ஒரு கட்டுக் கொடுத்தனுப்புவான். பழைய கார்களைத் தேடி வாங்கி, கழற்றித் துருப்போக்கிப் புதுசாக்கும் வெள்ளைக்காரர்களின் சஞ்சிகைகள். மனிசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசிப்பார். ஆனால் பின்வளவுக் கொட்டிலில் நின்ற மொறிஸ் மைனரில் ஓர் ஆணியைக்கூட அவர் தொட்டதை றாபியா கண்டதில்லை. தொண்ணூறாம் ஆண்டு இனக்கலவரப் பிரச்சினையோடு ஓடாமல் நின்ற கார் அது.

இப்போது மகள் றிபாவுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது. ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு. றாபியாவுக்கும் இந்த வீடு அப்படி வந்ததுதான். இனி உம்மாவும் வாப்பாவும் பின்வளவில் ஓர் அறை போட்டுக்கொண்டு ஒதுங்க வேண்டும். அறை போட இருந்த ஒரே இடத்தில் கார் நின்றது.

"மேசன் வந்து வந்து போறார். இத எப்ப எடுக்கிற?"

"மறுகா பாப்பம் புள்ள. இதில ஒரு கட்டுரை கிடக்கு, முடிச்சிட்டுத் தொடங்குறன்."

இந்த 'மறுகா'வைக் கேட்டு றாபியாவுக்குக் காது புளித்துவிட்டது. சமையல், தையல், கலியாணத்துக்கு வீடு வீடாகச் சொல்லப் போவது என்று பகல் போய்விடும். படுத்தால் உடம்புதான் படுக்கும். கலியாணத்துக்குப் பிறகு எங்கே தலைசாய்ப்பது என்று மனம் விழித்துக்கொண்டே கிடக்கும்.

ஒரு காலை பளீல் கல்முனைச் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, பழைய இரும்பு எடுக்கிறவர்களைச் சம்மாந்துறையிலிருந்து வரவழைத்தாள். ட்ரக்டரும் இழுவைப் பெட்டியுமாக வந்தவர்கள் கயிறு போட்டுக் காரை இழுத்துக்கொண்டிருக்க, கேற்றைத் திறந்துகொண்டு அவர் வந்து நின்றார்.

றாபியா சண்டைக்குத் தயாராக முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பளீல் மரக்கறிப் பையைக் கீழே வைத்தார்.

"அதில பிடிச்சி இழுக்காதீங்க தம்பி, கழண்டு வந்திரும். அடிச்சட்டம் முழுக்கத் துருப்பிடிச்சி உக்கிட்டு."

சொன்னதோடு நிற்காமல் தானும் கைகொடுத்துப் பெட்டியில் ஏற்றிவிட்டார். ட்ரக்டர் போய்விட்டது. றாபியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உக்கினது உங்களுக்கு முதலே தெரியுமா?"

"ஓம். முதல் கட்டுப் புத்தகத்த வாசிக்கக்குள்ளயே தெரியும். அடிச்சட்டம் உக்கினா விட்டுடச் சொல்லித்தான் எல்லாரும் எழுதியிரிக்காங்க."

"மறுகா என்னத்துக்கு இவ்வளவு காலமும் வாசிச்ச?"

பளீல் கொட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வாசிக்கக்குள்ள ஒரு யோசினையும் வாறல்ல புள்ள. பட்ட பாடு, புள்ளட கலியாணம், இந்த வீடு, ஒண்டும் வாறல்ல. அந்தக் கொஞ்ச நேரம் களைப்பாறின மாதிரி."

மனிசன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஏசுவதற்கென்று சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் போய்விட்டன.

"அப்ப அந்த யோசினையெல்லாம் ஆருக்கிட்ட வந்த?" என்று கேட்டாள்.

கார் நின்ற இடத்தில், எண்ணெய் ஊறிய மண்ணிலேயே றாபியா குந்திவிட்டாள். இத்தனை நாள் களைப்பும் சேர, எழும்ப அவளுக்கு ஏலவில்லை.