ரெண்டு ரவுண்டு

காளியண்ணனுக்கு நெஞ்சு அடைத்தது ஒரு திங்கட்கிழமை, மூன்றாவது பரோட்டாவின் நடுவில். நான்காவதை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தபோதுதான் விஷயம் பெரிது என்று கடைக்காரருக்குப் புரிந்தது. ஏற்காடு மலையில், மஞ்சக்குட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடமாக ரைட்டர் அவர். ஆள் பெயர் எழுதுவது, வேலையை மேற்பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. காலையிலும் சாயங்காலமும் எஸ்டேட்டின் மேடு பள்ளமெல்லாம் ஒருமுறை சுற்றி வர வேண்டும். அதற்கு மலையில் எல்லோரும் சொல்கிற பெயர் ரவுண்டு.

சேலத்தில் இதய டாக்டரம்மா படம் எடுத்து, ரத்தம் எடுத்து, கடைசியில் கேள்விக்கு வந்தார். காளியண்ணனின் மனைவி கிருஷ்ணம்மாள் அப்போது வெளியே ரிப்போர்ட்டுக்காக வரிசையில் நின்றிருந்தாள்.

"தினமும் ஏதாவது பழக்கம் உண்டா?"

காளியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் வாழ்க்கையில் ஒழுங்காக நடந்த ஒரே காரியத்தைப் பற்றி இப்போதாவது ஒருவர் கேட்கிறாரே என்று இருந்தது.

"காலையில ஒரு ரவுண்டு, சாயங்காலம் ஒரு ரவுண்டுங்க. இருபத்திரண்டு வருசத்துல ஒரு நாள் விட்டதில்லீங்க."

"காலையிலயேவா?"

"வெயில் ஏறுறதுக்குள்ள ஒண்ண முடிச்சுப்போட்டாத்தானுங்க அன்னிக்குப் பொழப்பு ஓடும்."

"வீட்டில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"அவளும் அங்கதானுங்க இருப்பா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "இன்னிக்கோட நிறுத்தணும். அரை ரவுண்டுகூடக் கூடாது. உப்பு, எண்ணெய் குறைங்க. சாமை, ராகி, கீரை சாப்பிடுங்க. தினமும் அரை மணி நேரம் வாக்கிங் போங்க. மூணு மாசத்தில கொழுப்பு குறையலைன்னா நெஞ்சுக்குள்ள குழாய் விட்டுத்தான் பார்க்கணும்."

ஊசி போட்டாலே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் அவர். குழாய் என்றதும் மீதி எதுவும் காதில் ஏறவில்லை. இவ்வளவு படித்தவர் ரவுண்டு வேண்டாம் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அதில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது என்பதை மறைப்பானேன். எஸ்டேட்டின் ஆறாம் பிளாக் மேட்டை அவருக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

ரைட்டர் போகாவிட்டாலும் ரவுண்டு போயாக வேண்டுமே. கிருஷ்ணம்மாள் அதே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள், ஒவ்வொரு பிளாக்கும் அவளுக்கு அத்துப்படி. முதலாளி போனிலேயே சரி என்றார். மறுநாளிலிருந்து அவள் இரண்டு ரவுண்டும் போனாள். காளியண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பெயர் எழுதினார்.

வாக்கிங் என்பது வேறு சமாச்சாரம் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. டவுன்காரர்கள் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கையை வீசி நடப்பதுதான் வாக்கிங். அவரும் ஒரு வெள்ளை ஷூ வாங்கினார். சாயங்காலம் ஜீப் பிடித்து ஏற்காடு ஏரிக்குப் போய், சமமான ரோட்டில் அரை மணி நேரம் கையை வீசினார். நடை முடிகிற இடத்தில் பஜ்ஜிக் கடை இருந்தது அவர் செய்த தப்பா? மிளகாயும் காய்கறிதான் என்று சொல்லிக்கொண்டு தட்டை நீட்டுவார். பிறகு ஜீப்பிலேயே வீடு திரும்புவார்.

வீட்டில் சாமைச் சோறு, உப்பில்லாத கீரை. கிருஷ்ணம்மாளும் அதையே சாப்பிட்டாள். அவளுக்கு எந்த வியாதியும் இல்லை, அவளை யாரும் அப்படிச் சாப்பிடச் சொல்லவும் இல்லை. அவள் அந்தப் பக்கம் திரும்பும் நேரத்தில் இவர் சோற்றுக்கடியில் ஊறுகாயைப் புதைத்துக்கொள்வார். ஐம்பத்துநாலு வயது மனுஷன், எஸ்டேட்டில் நாற்பது பேரை அதட்டுகிறவர், ஊறுகாய்த் திருடன்.

மூன்று மாதம் கழித்து இருவரும் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எடை நாலு கிலோ கூடியிருந்தது. கொழுப்பும் இறங்கவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. இன்னும் ரவுண்டு உண்டா?"

"சத்தியமா இல்லீங்க. பஜ்ஜி உண்டுங்க, ஊறுகா உண்டுங்க. நாக்கு விசயத்துல நான் ரைட்டர் இல்லீங்க, கூலியாளுங்க. ஆனா ரவுண்ட அன்னிக்கே உட்டுப்போட்டனுங்க. எனக்குப் பதிலா இவதான் போறா."

"யாரு?"

"ஊட்டுக்காரிங்க. ரெண்டு ரவுண்டும் இவதானுங்க."

டாக்டரம்மா மெல்லக் கிருஷ்ணம்மாள் பக்கம் திரும்பினார். அவள் கூச்சத்தோடு சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மொதல்ல நொம்பக் கஷ்டமா இருந்துச்சுங்க. இப்பப் பழகிருச்சு. ஒண்ணுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகுமுங்க. ஆறாம் பிளாக் மேட்டுல மட்டுந்தான் மூச்சு வாங்கும்."

"மேட்டுலயா? எந்த மேடு?"

விஷயம் வெளியே வர ஐந்து நிமிடம் ஆயிற்று. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பிறகு முகம் மாறியது. "நான் குடிக்கிறதுன்னு நினைச்சேன். நான்தான் தெளிவாக் கேட்டிருக்கணும். நீங்க தின்ன தீனிக்கு அந்த ரவுண்டுதான் இத்தனை வருஷம் உங்களைக் காப்பாத்தியிருக்கு. அதைப் போய் நிறுத்தச் சொல்லிட்டேனே." இன்னும் மூன்று மாதம் தந்தார். மாத்திரையைத் தவறவிடாமல், மெதுவாக, நின்று நின்று ஏறச் சொன்னார். இந்த முறையும் குறையாவிட்டால் குழாய்தான்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்து ரவுண்டு கிளம்பினார்கள். பாதி மேட்டில் காளியண்ணனுக்கு மூச்சு முட்டியது. ஒரு பாறையில் உட்கார்ந்து, "மொளகுக் கொடி எப்படி ஏறியிருக்குதுன்னு பாக்கறேன்," என்றார். அந்த இடத்தில் மிளகுக் கொடியே கிடையாது.

கிருஷ்ணம்மாள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பஜ்ஜிக்காகவும் ஊறுகாய்க்காகவும் இப்போது வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவர் தயாரானார். அவள் திட்டவில்லை.

"மூணு மாசமா இந்த வழியில தனியா நடந்தனுங்க. மொத நாளு அழுதுட்டே போனேன். அப்பறம் அழுகை வரலீங்க. நீங்க இல்லாமயும் நடக்கறதுக்குப் பழகிப்போட்டனோன்னு அதுதானுங்க பயமா இருந்துச்சு."

குழாய்க்குப் பயந்த அளவுக்கு இவளுக்காக ஒருநாளாவது பயந்தோமா என்று நினைத்தபோது காளியண்ணனுக்கு வெட்கமாக இருந்தது. மூச்சு சீரானதும் எழுந்தார்.

மேல் பிளாக் இன்னும் பாக்கி இருந்தது. அவள் முன்னால் போகாமல், அவருடைய நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஏறினாள்.