நூற்றிருபது சென்டிமீட்டர்

லிஃப்ட் பழுது பார்ப்பது என் வேலை. கதவு யாரையும் நசுக்காமல் காக்கிற சென்சார்களோடு பதினெட்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். அதனால், விடுமுறைக்கு மகள் வருகிறாள் என்றதும், கடையில் சீரியல் லைட் வாங்கி மாட்ட மனசு ஒப்பவில்லை.

வாசல் நிலைக்கு மேலே ஒரு சென்சார், பக்கத்தில் அதை இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டு, ஹால் முழுக்க நாற்பது காகித நட்சத்திரங்கள். அவள் நுழைந்ததும் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே அவளோடு உள்ளே வர வேண்டும். மூன்று வாரம் யாரோடும் பேசாமல் இதையே கட்டிக்கொண்டு அழுதேன்.

நான் போனாலும் எரிந்தது. கண்டவனுக்கெல்லாம் எரிய அதென்ன தெருவிளக்கா? நூற்றிருபது சென்டிமீட்டருக்கு மேல் உயரமானவர்களைக் கண்டுகொள்ளாதே என்று போர்டின் புரோகிராமில் ஒரு வரி எழுதிவைத்தேன். அவள் நூற்றுப் பதினெட்டு. சோதித்துப் பார்க்க, நானே முட்டி போட்டுத் தலையைக் குனிந்து நுழைய வேண்டியிருந்தது.

அவளுடைய அம்மா காரை விட்டு இறங்கவில்லை. "அஞ்சு மணிக்கு வரேன். அவளுக்குப் புடிச்சிருந்தா அடுத்த லீவுக்கு ரெண்டு நாள் தங்கட்டும்," என்றாள்.

மகள் உள்ளே வந்தாள். ஒன்றும் எரியவில்லை. வெளியே போய் மறுபடி வரச் சொன்னேன். அப்போதும் இல்லை. ஏணியில் ஏறி ஒயரை ஆட்டிப் பார்த்துவிட்டு இறங்கி அவள் அருகில் நின்றபோதுதான் உறைத்தது. அவள் தலை என் சட்டைப் பையைத் தாண்டியிருந்தது. நேரில் பார்த்து இரண்டு வருடமாகிறது. வாராவாரம் வீடியோவில் பேசுகிறோம்தான், அதில் முகம் மட்டும்தானே தெரியும்.

வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன்.

"நூத்தியிருவதா? அது நான் ஒண்ணாவது படிக்கிறப்பப்பா."

"இப்ப எவ்ளோன்னு சொல்லு, மாத்திடறேன்."

"நூத்திமுப்பது." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா அடுத்த தடவ வரும்போது எவ்ளோ இருப்பேன்னு தெரியாதே."

எப்போது வருவாய் என்று எந்த வாயால் கேட்பது? அந்த வரியையே அழித்துவிட்டேன். ஹால் பளிச்சென்றானது. பத்துப் பதினைந்து முறை ஓடி ஓடி எரியவைத்தாள்.

ஐந்து மணிக்கு ஹாரன் கேட்டது.

"அடுத்த லீவுக்குத் தங்குறியாம்மா?"

"அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேம்ப்பா," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

நான்கு மாதமாகிறது. வாசலில் இப்போது யார் போனாலும் எரிகிறது. நான் மட்டும்தான் போய் வருகிறேன்.