வெளுப்பாக எடுக்கும் கேமரா

கன்னத்தில் யாருடைய விரலோ அழுந்தித் தேய்க்கிறது, கைக்குட்டையின் ஈரம், பவுடர் வாசம், இளஞ்சியம் கண்ணை மூடிக்கொண்டே நிற்கிறாள், இது கடையா, ஸ்டுடியோவா, வீட்டுக் கூடமா என்று ஒரு கணம் பிடிபடவில்லை, எல்லா இடத்திலும் அம்மாவின் இதே விரல்தான், இதே தேய்ப்புதான், கண்ணைத் திறந்தால் திருச்சியில் ஒரு கேமரா கடை, தலைக்கு மேல் வரிசையாகக் குழல்விளக்குகள், கண்ணாடிப் பெட்டிமேல் உள்ளங்கையில் அடங்குகிற இரண்டு கேமராக்கள், ஒன்று கறுப்பு, ஒன்று ரோஸ், பின்னால் கழுத்தில் அட்டை தொங்க ஒரு விற்பனையாளன், பக்கத்தில் வெற்றிலை மென்றபடி தாய்மாமன் கலியபெருமாள். சிரிங்க மேடம் என்கிறான் விற்பனையாளன், சிரிச்சாப் பல்லு தெரியும், சும்மா நில்லு என்கிறார் மாமா. அவள் வாங்க வந்தது தன் வேலைக்கு, லால்குடிப் பக்கம் உதவி வேளாண்மை அலுவலர் அவள், நெல் தூரின் அடியில் அப்பிக்கொண்டிருக்கிற புகையான் பூச்சியையும் இலையைச் சுருட்டி உள்ளே படுத்திருக்கிற புழுவையும் படமெடுத்து ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், கிட்டே வைத்தால் பூச்சியின் கால் தெரிய வேண்டும், விலை சம்பளத்துக்குள் அடங்க வேண்டும், கைப்பையில் ஒரு மூலையில் கிடக்க வேண்டும், இவ்வளவுதான் அவள் கேட்டது. அதை வீட்டில் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

சொன்ன கையோடு அம்மா மாமாவுக்குப் போன் போட்டாள், தரகரு புதுப் படம் கேட்டுக்கிட்டே இருக்காரு, இது நல்லதாப் போச்சு என்றாள், இனிமேல் என் படம் எந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போகக்கூடாது என்று இளஞ்சியம் போன தையிலேயே சொல்லியிருந்தாள், அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் வெண்டைக்காய் நறுக்கினாள், கேட்டது காதில் விழுந்ததா என்பது வேறு விஷயம். காலையில் வயலில் பறித்து ஈரக் காகிதத்தில் சுற்றிவந்த நெல் இலையை அவள் கைப்பையிலிருந்து எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தபோது விற்பனையாளனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, ஆனாலும் எடுத்துக் காட்டினான், ரோஸ் கேமராவில் இலை பச்சையாக ஒரு தீற்றல், அவ்வளவுதான், கறுப்பில் பூப் படம் போட்ட பொத்தானை அழுத்திக் கிட்டே கொண்டுபோனால் இலையின் ஓரத்துச் சுணை தெரிகிறது, புழு சுரண்டிய வெள்ளைக் கோடு தெரிகிறது, அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் குதித்தது, விலையும் கறுப்புதான் குறைவு, அப்போதே பில் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்கலாம். இலையப் படம் புடிச்சு யாருக்குக் காட்டப்போற, புள்ளைய எடுங்க தம்பி என்று மாமா சொன்னார், எடுத்தான், கறுப்புக் கேமராவின் சின்னத் திரையில் அவள் அவளாகவே வந்தாள், இத வெச்சிரு தம்பி, இது கறுப்பா எடுக்குது என்றார் மாமா.

கறுப்பாக எடுக்கிறதாம், கேமராவின் கோளாறாம், அவளுக்கு வாய்க்குள் கசந்தது, இதே கசப்பை எங்கோ விழுங்கியிருக்கிறாள், ஆமாம், அந்த ஸ்டுடியோவில், இருட்டு அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த ஆள் அவள் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து வெளுத்துக்கொண்டிருந்தான், கழுத்தை மறந்துவிட்டான், முகம் ஒரு நிறம் கழுத்து ஒரு நிறமாக அந்தப் படம் கும்பகோணத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது, படத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் வந்தார்கள், கூடத்தில் உட்கார்ந்தார்கள், மாப்பிள்ளையின் அத்தை கைப்பையைத் திறந்து படத்தை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள், படத்தைப் பார்க்கிறாள், இவளைப் பார்க்கிறாள், மறுபடி படத்தை, பிறகு பக்கத்துல வாம்மா என்று கூப்பிட்டு மணிக்கட்டைப் பிடித்து வளையல்களை முழங்கை வரை மேலே தள்ளுகிறாள், வெயில் படாத இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான், கத்தரிக்காயைத் திருப்பிச் சொத்தை பார்க்கிற அதே விரல்கள், பார்த்துவிட்டு வளையல்களை இறக்கிவிடக்கூட இல்லை, போட்டோல இருந்தது அக்காவா என்று கேட்டாள், இருந்தும் கேசரியை மிச்சம் வைக்காமல் தின்றார்கள், நெய்விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்கள், அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்றாள். இன்றைக்கும் கேசரி வாசம் வந்தால் இளஞ்சியத்துக்கு மணிக்கட்டு கூசும், இந்தக் கடைக்குள்ளும் எங்கிருந்தோ அந்த வாசம் வருகிறது, இல்லை, மாமாவின் வெற்றிலைதான், அவள் சுடிதார்க் கையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

அப்போ இதைப் பாருங்க சார் என்று விற்பனையாளன் ரோஸ் கேமராவைத் தூக்கினான், இதுல முகத்துக்குன்னே ஒரு பொத்தான் இருக்கு, பொண்ணு பாக்குற வீட்டுக்காரங்க எல்லாம் இதைத்தான் கேட்டு வாங்குறாங்க என்றான், அழுத்தினான், திரையில் ஒருத்தி நின்றாள், அவளுக்கு மூக்கோரத்து மச்சம் இல்லை, புருவத்தில் சின்ன வயசில் ஊஞ்சல் பலகை பட்ட தழும்பு இல்லை, கண்ணுக்குக் கீழே ஒன்றுமே இல்லை, உரித்த பனங்கிழங்கு மாதிரி இருந்தாள். அம்மா கேமராவை இரண்டு கையாலும் வாங்கினாள், வாங்கின மாதிரியே நின்றுவிட்டாள், அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை இளஞ்சியம் பார்த்ததில்லை, பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோது பார்க்கவில்லை, வேலைக்கு உத்தரவு வந்தபோது பார்க்கவில்லை, எம் பொண்ணு எவ்வளவு அழகா இருக்கா பாருங்க தம்பி என்று அம்மா சொன்னாள், பெற்ற மகள் ஒரு முழ தூரத்தில் நிற்கிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. நேர்ல வந்து பாக்க மாட்டாங்களா மாமா என்றாள் இளஞ்சியம், வரட்டும்மா, மொதல்ல வாசப்படி மிதிக்கணும்ல, மிதிச்சவன உக்கார வெச்சுப் பேசிக்கலாம் என்றார் மாமா, இந்தத் தடவை கழுத்தும் சேர்ந்தே வெளுத்திருப்பதை விரலால் தொட்டுக் காட்டினார், அவர் விரல் பட்ட இடத்தில் வெற்றிலைச் சாறு ஒட்டிக்கொண்டது.

எரிச்சலில்தான் செய்தாள், வேறு நல்ல எண்ணம் ஒன்றும் அதில் கிடையாது, அம்மாவின் கையிலிருந்து அதைப் பிடுங்கி, அதே பொத்தானை அழுத்தி, அம்மாவை எடுத்தாள், நீயும் உன்னைப் பார், உனக்கும் குமட்டட்டும் என்று திரையை நீட்டினாள். அம்மா பார்த்தாள், மூக்குத்தியை ஒரு விரலால் தொட்டுக்கொண்டாள், திரையில் இருப்பவளுக்கும் அங்கேதான் மூக்குத்தி இருக்கிறதா என்று பார்க்கிறாற்போல, வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற கல்யாணப் படம் அப்போது எங்கிருந்தோ நடுவில் வந்து நிற்கிறது, யார் வீட்டுக்கு வந்தாலும் அப்பா அதைக் காட்டுவார், என்னைப் பாருங்க, பக்கத்துல இவளைப் பாருங்க, இவ பக்கம் மட்டும் நெகட்டிவைக் கழுவ மறந்துட்டான் என்பார், வந்தவர்கள் சிரிப்பார்கள், அம்மாவும் சிரித்துக்கொண்டே காபி கொண்டுவருவாள், சின்னப் பிள்ளையாக இளஞ்சியமும் சிரித்திருக்கிறாள், வருஷம் தவறாமல் அதே பேச்சு, அதே சிரிப்பு, அதே காபி. கடையில் அம்மா தணிந்த குரலில், அழிச்சிடாத, அப்பாகிட்ட காட்டணும் என்றாள்.

இத்தனை நேரம் அவள் எந்த அம்மாமேல் அருவருப்பைச் சுமந்துகொண்டு நின்றாளோ அந்த அம்மாவே இல்லாமல் போய்விட்ட மாதிரி இருந்தது, அருவருப்பு மட்டும் இருந்தது, எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை. அம்மாவின் படத்தை மட்டும் எடுத்துத் தர முடியுமா என்று விற்பனையாளனைக் கேட்டாள், இது காட்டுறதுக்கு வெச்சிருக்கிற கேமரா மேடம், கார்டெல்லாம் போடல, இதையே வாங்கினீங்கன்னா உள்ள இருக்குற படமும் உங்களோட வந்துடும் என்றான், மாமா பில் போடச் சொன்னார், அம்மா மகளின் முகத்தைப் பார்த்தாள், கடைக்குள் வந்ததிலிருந்து முதல் தடவையாகப் பார்த்தாள், வாங்கினால் அந்த வெளுத்த பெண்ணும் கூடவே வீட்டுக்கு வருவாள், தரகர் கைக்குப் போவாள், மறுபடி வளையல், மறுபடி கேசரி. கறுப்பு என்றாள் இளஞ்சியம், கறுப்பைப் போடுங்க. மாமா தோள்துண்டை உதறிக்கொண்டு இனி உங்க பாடு என்று வெளியே போனார், விற்பனையாளன் ரோஸ் கேமராவைப் பெட்டிக்குள் வைப்பதற்கு முன்னால் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினான், கடைப் படங்களை மொத்தமாகத் துடைப்பது அவன் வழக்கம் போலிருக்கிறது, மேஜையைத் துணியால் துடைக்கிற மாதிரி துடைத்தான், அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்திரம் பேருந்து நிலையத்தில் அம்மா நிழலில் நிற்காமல் வெயிலில் நின்றாள், சாய்ந்த வெயில், அது அம்மாவின் பக்கவாட்டில் விழுந்து, நெற்றிச் சுருக்கமும் காதோரத்து நரையும் மூக்குத்திக் கல்லும் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, இந்த முகத்தையா இத்தனை காலம் கழுவ மறந்த நெகட்டிவ் என்றார்கள் என்று இளஞ்சியத்துக்கு ஆத்திரமாக வந்தது, ஆசையாகவும் வந்தது, பெட்டியைப் பிரித்தாள், கடையில் கொஞ்சம் சார்ஜ் ஏற்றித்தான் கொடுத்திருந்தான், அம்மா இங்க பாரு என்றாள், அம்மா திரும்பினாள், எடுத்தாள், ஒரு மயிரிழை தப்பாமல் வந்திருந்தது, அவளுக்குத் தெரிந்து அம்மா இவ்வளவு அழகாக எந்தப் படத்திலும் இருந்ததில்லை, அதை அப்படியே சொல்லத்தான் வாயெடுத்தாள், அதற்குள் அம்மா, எப்படி விழுந்திருக்கு என்று கேட்டாள், கையை நீட்டவில்லை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உன்ன மாதிரியே இருக்கும்மா என்றாள் இளஞ்சியம். அப்ப அழிச்சிடு என்றாள் அம்மா, சொல்லிவிட்டு பஸ் வருகிறதா என்று பார்க்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.