பதினான்கில் கழிக்காதவன்

அந்தக் கம்பெனியில் ஒரு கேடுகெட்ட வழக்கம் இருந்தது. கடலூருக்குத் தெற்கே சாயக் கெமிக்கல் காய்ச்சுகிற இடம். கழிவுத் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சிலேட்டு தொங்கும். அதில் ஆசிட்டா காரமா என்று காட்டும் பி.எச். எண்ணை எழுதும் உரிமை ஷிப்ட் இன்சார்ஜ் அறிவுமதிக்கு மட்டும்தான். சிதம்பரத்தில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு லேபில் டெஸ்ட் எடுக்கிற ஜெயராணி சாக்பீஸைத் தொட்டால் அவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். தொட்டி ஆட்களுக்கோ சிலேட்டில் இருப்பதுதான் வேதம். ஏழுக்குக் கீழே என்றால் ஆசிட், காஸ்டிக் காரத்தைக் கொட்டு. ஏழுக்கு மேலே என்றால் காரம், ஆசிட்டை ஊற்று. அவ்வளவுதான்.

அந்த ஆட்களில் ஒருவன் செம்பியன், ஜெயராணியின் தம்பி. அவள்தான் கெஞ்சிக் கூத்தாடி அவனை அங்கே சேர்த்துவிட்டிருந்தாள்.

அன்று காலை அவள் லேபிலிருந்து அறிவுமதிக்குப் போன் போட்டாள். "சார், மூணாம் தொட்டியில ஹைட்ராக்சைடு பாயின்ட் சீரோ ஒன். பி.எச். வந்து..."

"கணக்கு எனக்குத் தெரியும். வையிம்மா."

கால்குலேட்டரைத் தட்டினான். லாக் போட்டு மைனஸை நீக்கியதும் இரண்டு வந்தது. அது ஹைட்ராக்சைடுக்கு உண்டான எண். பதினான்கிலிருந்து அதைக் கழித்தால் பன்னிரண்டு, அதுதான் பி.எச். பெரிய மேதாவி, கழிக்கவில்லை! சிலேட்டில் இரண்டு என்று கொட்டையாக எழுதினான்.

"கடும் ஆசிட்டுடா செம்பியா, காஸ்டிக்க மூட்டையோட கவுறு!"

அலறல் லேபு வரைக்கும் கேட்டது.

ஜெயராணி ஓடி வந்தபோது செம்பியன் தரையில் துடித்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே காரமாக இருந்த தொட்டி, காஸ்டிக் விழுந்து கொதித்து அவன் முகத்தில் அடித்திருந்தது. கன்னத்துத் தோல் வழுவழுவென்று கழன்று வந்தது. அறிவுமதி அவன் மார்பில் முழங்காலை ஊன்றி, தொட்டி ஆட்களில் மூத்தவரான சாமிக்கண்ணுவைக் கைகளை அமுக்கச் சொல்லி, இமையைப் பிதுக்கிச் சோடா உப்புக் கரைசலை ஊற்றிக்கொண்டிருந்தான். ஹோஸ் பைப் பக்கத்திலேயே சும்மா கிடந்தது.

அவள் சிலேட்டைப் பார்த்தாள்.

"அது ரெண்டு இல்ல, பன்னெண்டு! பதினாலுல கழிக்கவே இல்லியா? உடுய்யா அவன, தண்ணி ஊத்தணும், கண்ணு போயிடும்!"

"போடீ அந்தாண்ட! ஆசிட்டுக்கு சோடாதான்." புறங்கையால் அவள் வாயில் அறைந்தான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

அவள் சிலேட்டைப் பிடுங்கி அவன் காதோடு சேர்த்து அடித்தாள். இரண்டாம் அடியில் சட்டம் தெறித்தது. சரிந்தவன் அவள் சடையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தான். எலும்பு தட்டுகிற வரைக்கும் அவன் மணிக்கட்டைக் கடித்தாள்.

"புடிச்சிகிட்டு நிக்கிறியே மாமா, ஒம் புள்ளயா இருந்தா இப்பிடித்தான் நிப்பியா?"

சாமிக்கண்ணு கையை விட்டார். அடுத்த நொடியே அறிவுமதியின் விலாவில் ஓங்கி உதைத்தார்.

ஜெயராணி பைப்பைத் திறந்து, தம்பியின் தலையை மடியில் அழுத்தி, இமைகளை விரித்துப் பிடித்துத் தண்ணீரைப் பாய்ச்சினாள். வலி தாங்காமல் அவன் அவள் முகத்திலும் நெஞ்சிலும் குத்தினான்.

"அடிடா தம்பி, நல்லா அடி. கண்ண மட்டும் மூடாத."

முதுகுக்குப் பின்னால் மற்ற ஆட்களும் சேர்ந்து அறிவுமதியை மிதிக்கிற சத்தம் கேட்டது. "கழிச்சிப் பாருடா, கழிச்சிப் பாருடா" என்று ஒருவன் கத்தினான். அவள் திரும்பவில்லை. விடுங்கள் என்றும் சொல்லவில்லை.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் செம்பியனின் கண் கட்டைப் பிரித்த அன்று, டாக்டர் முதலில் இடக்கண்ணைச் சோதித்தார்.

"ஒண்ணுந் தெரியல சார். இருட்டு."

ஜெயராணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் அந்தக் கண்ணை மூடிவிட்டு, வலக்கண்ணுக்கு நேராக விரல்களை நீட்டினார். செம்பியன் வெகுநேரம் பார்த்தான்.

"ரெண்டு" என்றான்.

தையல் போட்ட உதடு பிரிந்து வலிக்க, அவள் வாய்விட்டு அழுதாள்.

"சரிதாண்டா தம்பி. இது ரெண்டேதான்."