தூசு இல்லாத களம்

1.

இந்தக் கதை என் மாமியார் தொலைக்காட்சியை அணைத்த நொடியில் தொடங்கியது. அதை மறைத்து எழுதிப் பார்த்தேன். முடியவில்லை.

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "ஷான்ஷி மாநிலத்து மஞ்சள் மேட்டில் கோதுமை பழுத்துக் கிடந்த நாட்களில், ஊருக்குள் ஒரு படக்குழு…" இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: "மனைவியை இழந்த ஒருவன்…" இதற்கு மேல் அந்த வாக்கியத்தில் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

மூன்றாவது, நீங்கள் இப்போது படிப்பது.

என் மாமியாரை என் மாமியாராகவே வைத்துக்கொண்டு எழுதினால் கை நின்றுவிடுகிறது. ஆகவே அவரை வேறொருவனிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் பெயர் தோங் ஹான்லின். வயது முப்பத்து நான்கு. சியான் நகரத்தில், பழைய படச்சுருள்களைச் சுத்தம் செய்து, வீட்டில் போட்டுப் பார்க்கும் டிஸ்க்காக வெளியிடும் ஓர் இடத்தில் வேலை செய்கிறான். அதிகம் பேசாதவன். நானும் அவனை அதிகம் பேசவைக்கப் போவதில்லை.

2.

படத்தின் பெயர் 'மேற்குக் களம்'. 1983இல் ஹேயாங் பக்கத்து ஊர் ஒன்றில் எடுத்தது. நடிகர்கள் நான்கு பேர். மற்ற எல்லோரும் ஊர்க்காரர்கள். பத்துப் பெண்கள் வரிசையாக நின்று கோதுமை தூற்றும் காட்சி அதில் மூன்று நிமிடம் வரும். இடமிருந்து நான்காவதாக நிற்பவள் லெய் யின்ஹுவா. அப்போது வயது பத்தொன்பது. பிற்காலத்தில் ஹான்லினுக்கு மாமியார்.

(அந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் இந்தக் காட்சியைத்தான் எழுதியிருக்கிறார்கள். 'மானுட உழைப்பின்' என்று தொடங்குவார்கள். நான் அப்படித் தொடங்க மாட்டேன்.)

டிஸ்க் அச்சடிக்கும் ஆலைக்கு அனுப்புவதற்கு முன்பு பார்த்துச் சரிசொல்ல ஒரு மாதிரி டிஸ்க் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஹான்லின் மாமியார் ஊருக்குப் பஸ் ஏறினான். போய்ச் சேர்ந்தபோது யின்ஹுவா மிளகாய்த் தூள்மேல் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார். நூடுல்ஸ் கிண்ணத்தோடு தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"உங்க சீன் வரப்போகுதும்மா."

"வரட்டும். அன்னைக்கு ஊர்ல துணி கட்டிப் படம் போட்டப்ப முன்னாடி எடமே இல்ல. திரைக்குப் பின்பக்கம் உக்காந்துதான் பாத்தேன். என் சோத்துக் கை பீச்சாங்கையா தெரிஞ்சுது. இன்னைக்காவது நேரா பாக்குறேன்."

காட்சி வந்தது. பத்துப் பெண்கள், பத்து மரத் துடுப்புகள். கோதுமை மேலே போனது. மேலே போன கோதுமை கீழே வந்தது. வானம் கழுவிவிட்டதுபோல் நீலமாக இருந்தது.

யின்ஹுவா கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இன்னொரு தரம் போடு."

போட்டான்.

"நாங்க என்னப்பா பண்றோம் இதுல?"

"தூத்துறீங்க."

"எதை?"

ஹான்லின் திரையைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான்.

"நல்ல கோதுமைய ஆகாசத்துல தூக்கிப் போட்டுப் போட்டுப் பிடிக்கிறோம். பத்துப் பொம்பளைக்கும் ஒரே நாள்ல பைத்தியம் புடிச்ச மாதிரி. பதர் எங்க?"

அப்போதுதான் தொலைக்காட்சியை அணைத்தார்.

3.

பதர் எங்கே போனது என்று சொல்லிவிடுகிறேன். ரகசியம் ஒன்றுமில்லை.

பழைய பிலிமில் தூசு ஒட்டியிருக்கும். ஒரு ஃப்ரேமில் இருக்கும் புள்ளி அடுத்த ஃப்ரேமில் அதே இடத்தில் இருக்காது. சுத்தம் செய்யும் எந்திரத்துக்குத் தெரிந்த ஒரே கணக்கு அதுதான்: முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை என்றால் அழுக்கு. துடைத்துவிடு. காற்றில் பறக்கும் பதரும் இரண்டு ஃப்ரேமில் ஒரே இடத்தில் இருப்பதில்லை. எந்திரம் களத்தையே துடைத்துவிட்டது.

இப்படி நடக்கும் என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மழை, பனி, தீப்பொறி வரும் இடங்களில் வேகத்தைக் குறைத்துவைத்து, முடிந்ததும் ஒருவன் உட்கார்ந்து முழுவதையும் பார்ப்பான். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவான். 'பார்த்தேன். பழுதில்லை.'

அந்தக் கையெழுத்து ஹான்லினுடையது.

மனைவி லான்யுவைப் புதைத்த ஒன்பதாம் நாள் அவன் வேலைக்குத் திரும்பினான். அந்த வாரத்தில்தான் இந்தப் படம் அவன் மேசைக்கு வந்தது. வேகத்தை முழுதாக ஏற்றிவைத்தான். ஓடி முடியும்வரை திரைக்கு முன்னால் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு கையெழுத்துப் போட்டான்.

(இந்த இடத்தில் லான்யுவுக்கு ஒரு காட்சி எழுத வேண்டும். அதுதான் முறை. ஆஸ்பத்திரி, ஜன்னல், கடைசிச் சொல். "அவள் தலையணையில் சாய்ந்தபடி…" இல்லை. எழுத மாட்டேன். அவள் யின்ஹுவாவின் மகள், ஹான்லினின் மனைவி, சென்ற ஆண்டு இறந்தாள். இவ்வளவுதான் உங்களுக்குத் தருவேன்.)

இந்தக் கதையைப் படித்த நண்பர் ஒருவர் யோசனை சொன்னார்: "அந்தக் களத்து ஓரத்துல தொட்டில்ல ஒரு குழந்தை இருக்கட்டுமே. அது லான்யு. அவன் ஒவ்வொரு ஃப்ரேமா தேடட்டும்." நல்ல யோசனை. கண்ணீர் வரும். ஆனால் படம் எடுத்து எட்டு வருடம் கழித்துத்தான் லான்யு பிறந்தாள். அந்தப் படத்தில் அவள் எந்த மூலையிலும் இல்லை. தேடாதீர்கள்.

4.

"மெஷினுக்குத் தெரியாது, சரி. நீ பாக்கலையா?" என்று கேட்டார் யின்ஹுவா.

ஹான்லின் எழுந்து டிஸ்க்கை வெளியே எடுத்தான்.

"பாக்கல. ம். அந்த மாசமா?"

"ஆமாம்மா."

"அவ எனக்கும் மகதான். அந்த மாசமும் நான் பன்னிக்குத் தீனி வெச்சேன், மறக்கல. அவ பேரைச் சொல்லி இதுல இருந்து நழுவாத."

(இந்த வசனத்தை மென்மையாக்க நானே மூன்று முறை முயன்றேன். "அவள் போனது உனக்கும் எனக்கும்…" என்று ஒரு வடிவம். யின்ஹுவா அப்படிப் பேச மாட்டார். மென்மையான வடிவத்தை அடித்துவிட்டேன்.)

பிறகு அவர் சொன்ன சமாச்சாரம்தான் கதையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. படக்குழு வந்து இறங்கியபோது அறுவடை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்ததாம்.

"தூத்தி, அளந்து, மூட்டை கட்டி உள்ள வெச்சாச்சு. அந்த டைரக்டர் வந்து குதிக்கிறான். பதர் பறக்கணுமாம். வெறும் கோதுமைய வீசினா நல்லாவா இருக்கும்னு கேக்குறான். நியாயந்தானே? வீட்டுக்கு ரெண்டு மூட்டைன்னு களத்துல கொட்டினோம். மாட்டுக்குன்னு வெச்சிருந்த பதரை அள்ளிட்டு வந்து அதுல கலந்தோம். கையாலப்பா. சுத்தம் பண்ணின தானியத்துல நாங்களே குப்பையக் கலந்தோம். எங்க அப்பா அன்னைக்குப் பூரா என்கூடப் பேசல."

"எனக்குத் தெரியாதும்மா."

"மூணு நாள் வீசினோம். ஒரு நாள் காத்து மேக்க, ஒரு நாள் கெழக்க. வாயெல்லாம் பதர். பக்கத்துல நின்னவ தும்மித் தும்மி மூக்குல ரத்தம். அவன் 'இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரு தரம்'ங்கிறான். அவங்க வண்டி கிளம்பினப்புறம் நாலு நாள் பொட்டுக் காத்து இல்ல. அத்தனையும் மொறத்துல வெச்சுப் புடைச்சோம். இப்ப நீ வந்து அதைத் துடைச்சுட்டேங்கிற."

"முதல்ல எடுத்த காப்பி இருக்கு. துடைக்காதது. ஆனா அதுல அழுக்கும் இருக்கு, கீறல், முடி, எல்லாம். நாலாயிரத்து முந்நூறு ஃப்ரேம். எது பதர், எது அழுக்குன்னு நீங்க பக்கத்துல உக்காந்து சொன்னா…"

"எனக்கெப்படித் தெரியும்? ரெண்டும் கறுப்பா ஒரு புள்ளி. நான் என்ன பதருக்குப் பேரு வெச்சா வளத்தேன்?" கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எப்ப அனுப்புறீங்க?"

"வெள்ளிக்கிழமை."

"நான் உசிரோட இருக்கேன், ஹான்லின். கடையில விக்கிற டிஸ்க்குல என்னைப் பைத்தியக்காரியா ஆக்காத. அவ்வளவுதான்."

5.

ஹான்லினின் மேலதிகாரி பெயர் பான். எல்லோரும் பான் அக்கா என்பார்கள். இருபத்திரண்டு வருடம் பிலிமோடு இருந்தவர். முதல் வரைவில் அவரைக் கெட்டவராக எழுதினேன். பொய்யாக இருந்தது. அவர் சொல்வது ஒவ்வொன்றும் நியாயம். அதுதான் தொல்லை.

திங்கட்கிழமை காலை துடைக்காத காட்சியை அவருக்குப் போட்டுக் காட்டினான்.

"சின்ன தோங், இது களமா, காக்கா கூட்டமா?"

"பதரும் இருக்கு அக்கா."

"முடி ஒண்ணு அந்தப் பொம்பளை மூஞ்சியில நெளியுது, அதுவும் பதரா?" மேசை டிராயரைத் திறந்து அட்டை ஒன்றை எடுத்துப் போட்டார். டிஸ்க்கின் மேலுறை. அச்சாகி வந்துவிட்டது. தங்க எழுத்தில்: ஒரு தூசு இல்லாமல். "படி. சத்தமா படி."

"ஒரு தூசு இல்லாமல்."

"மூவாயிரம் பேரு முன்கூட்டியே கேட்டு வெச்சிருக்காங்க. இதைப் போட்டா முதல்ல டிவியத் துடைப்பாங்க. அப்புறம் மூக்குக் கண்ணாடிய. அப்புறம் எனக்கு எழுதுவாங்க."

"துடைச்சதுல அவங்க ஒண்ணுமே தூத்தல அக்கா."

"யாரு கவனிக்கப் போறா? டவுன்ல கோதுமை தூத்தினவன் எத்தனை பேரு?"

"பத்துப் பேரு வீசினாங்க. ஆறு பேரு இன்னும் உசிரோட இருக்காங்க."

பான் சிரிக்கவில்லை. குரலை இறக்கினார். "இதப் பாரு. நீ எந்த மாசம் இதைப் பண்ணினேன்னு எனக்குத் தெரியும். யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. நானும் கேக்கல. விட்டுடு."

"கேளுங்க."

"எதை?"

"பாத்தியான்னு."

பான் அக்கா கேட்டார்: "பாத்தியா?"

"பாக்கல. பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன்."

"இதை வெளிய சொன்னா உனக்கு இங்க வேலை இருக்காது."

"தெரியும்."

"தெரிஞ்சும் இந்தத் திமிரு." மேலுறையைத் திரும்ப டிராயருக்குள் போட்டார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் என்ன வேணா பண்ணு. ஆனா எதை அனுப்பணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவன் கையால் துடைத்தான். புள்ளிக்குப் புள்ளி. அறுநூற்றுப் பதினொரு ஃப்ரேம் முடிந்தது. வியாழக்கிழமை காலை அவற்றை ஓடவிட்டுப் பார்த்தான். அழுக்கு குறைந்திருந்தது. எவ்வளவு பதரும் சேர்ந்து போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் வேலையை அழித்தான். மூன்று நிமிடத்தையும் முதல் காப்பியில் இருந்தபடியே, முடியும் கீறலுமாக, படத்தில் சேர்த்தான். பரிசோதனைத் தாளைப் புதிதாக எடுத்து எழுதினான்: 'பழுது உண்டு. பார்த்தேன்.'

(இந்த இடத்தில் அவன் அழுததாக ஒரு வரி இருந்தது. அவன் அழவில்லை. பசித்தது. கீழே போய் இரண்டு இறைச்சி ரொட்டி வாங்கித் தின்றான்.)

6.

முடிவுகள்.

முதல் முடிவு: பான் அக்கா மூன்று நிமிடத்தையும் மறுபடி பார்க்கிறார். கண் கலங்குகிறது. "அனுப்பு" என்கிறார். நான் இதை நம்பவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ காட்சிகள் பார்த்தவர், இதற்கா கலங்குவார்?

இரண்டாவது: ஹான்லினை வேலையைவிட்டு அனுப்புகிறார்கள். அவன் ஹேயாங் போய் மாமியாரின் நிலத்தில் இறங்கி, கோதுமைக் கதிர்களின் நடுவே… நிறுத்துங்கள். அங்கே இப்போது அறுவடை எந்திரம் ஒரு காலைப்பொழுதில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போகிறது. அவன் அங்கே போய் என்ன செய்வான்? யின்ஹுவாவே துரத்திவிடுவார்.

மூன்றாவது: டிஸ்க் வெளிவருகிறது, படம் பார்த்தவர்கள் அந்தப் புள்ளிகளைக் கொண்டாடிக் கடிதம் எழுதுகிறார்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. பான் அக்காவின் மேசைமேல் இரண்டு பெட்டிகள். ஒன்றில் துடைத்த படம், ஒன்றில் துடைக்காதது. ஆலைக்குக் கொண்டுபோகிறவன் கீழே வண்டியோடு நிற்கிறான். இரண்டு முறை போன் செய்துவிட்டான். ஹான்லின் எதிரே நிற்கிறான். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டான். இனி ஒரு சொல் சொல்ல மாட்டான்.

அந்த நாற்காலியிலிருந்து பான் அக்காவை எழுப்பிவிட்டேன். நீங்கள் உட்காருங்கள்.

மேலுறை அச்சாகிவிட்டது. மூவாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அந்த முடி உண்மையிலேயே அசிங்கமாக நெளிகிறது. துடைத்ததை அனுப்பினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆறு பெண்களைத் தவிர. அவர்களும் கடிதம் எழுதுகிறவர்கள் இல்லை. எல்லாவற்றையும் யோசியுங்கள். தப்பாக முடிவு செய்தாலும் பரவாயில்லை.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. அவன் மனைவி இறந்துவிட்டாளே, பாவம் என்று துடைக்காததை அனுப்பாதீர்கள். அப்படி அனுப்புவதானால் துடைத்ததையே அனுப்புங்கள். பத்துப் பெண்கள் மூன்று நாள் வீசினார்கள், பதர் பறந்தது. அதற்காகத் துடைக்காததை அனுப்ப முடியுமா?

வண்டிக்காரன் மாடிப்படி ஏறி வருகிறான். அவன் கையில் ஏதாவது ஒன்றைக் கொடுங்கள்.